பிக்கப் வண்டிக்குச் சொந்தமாக ஒரு ஸ்கேனர்

பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, யோதா என்று எந்த வண்டியை வைத்துப் பிழைப்பவராக இருந்தாலும் சரி, மீட்டரில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்துவிட்டால் அன்றைய வாடகை சந்தேகம்தான். கம்பெனி சர்வீஸில் விட்டால் வண்டி ஒரு நாளாவது நிற்கும். வெளி ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட ஒவ்வொரு தடவையும் சில நூறு ரூபாய் போகும். அதனால் சொந்த வண்டி ஓட்டும் பலர் இப்போது தாங்களே ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். தேடினால் ஐந்நூறு ரூபாயில் தொடங்கி ஐம்பதாயிரத்தையும் தாண்டி வரிசையாக வந்து நிற்கின்றன. அநேகமாக எல்லா அட்டைப்பெட்டியிலும் ‘எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள்.

டீசல் வண்டிக்காரர் அதை அப்படியே நம்பக் கூடாது. மலிவான ஸ்கேனர்களில் பெரும்பாலானவை பெட்ரோல் காரை மனதில் வைத்துச் செய்தவை. கோளாறைக் குறிக்கும் கோடு எண்ணைப் படித்துக் காட்டும் வேலையை ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் செய்துவிடும். டீசல் இன்ஜினில் அது பாதி வேலைகூட இல்லை. இன்ஜின் ஓடும்போது உள்ளே என்ன அழுத்தம், எவ்வளவு காற்று, எவ்வளவு சூடு என்று எண்ணாகக் காட்ட வேண்டும். முக்கியமாக, இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தமான ரெயில் பிரஷரைக் காட்ட வேண்டும். அதைக் காட்டாத கருவி ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தாலும் வீண் செலவு.

கருவியைத் தேடுவதற்கு முன், உங்கள் வண்டியில் படிப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டீசல் இன்ஜின்களில் பம்ப், நோசில் எல்லாமே மெக்கானிக்கல். கோடு எழுதி வைக்க அங்கே கம்ப்யூட்டரே கிடையாது. அந்த வண்டிக்கு ஸ்கேனரைவிட, பம்ப் வேலை தெரிந்த ஒரு நல்ல மெக்கானிக்கின் போன் நம்பர் பயன்படும். காமன் ரெயில் இன்ஜினாக இருந்தால்தான் இ.சி.யு. என்கிற கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடும், கோளாறைக் கோடாகக் குறித்தும் வைக்கும்.

காமன் ரெயிலாக இருந்தாலும் ஆண்டைக் கவனிக்க வேண்டும். பி.எஸ்.4 என்ற புகை விதிக்குள் வந்த கார்களுக்கும் இலகுரக சரக்கு வண்டிகளுக்கும் ஓ.பி.டி. 2 என்ற பொது முறை 2013 ஏப்ரலில் கட்டாயமானது. ஆனால் அப்போது பி.எஸ்.4 சென்னை போன்ற சில நகரங்களுக்கு மட்டும்தான் இருந்தது. நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரல் 1-ஆம் தேதி. அன்று முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதற்கு முந்தைய சில பி.எஸ்.3 வண்டிகளில் ஸ்கேனர் செருகும் 16 பின் சாக்கெட் இருக்கும். ஆனால் பொது ஸ்கேனரைச் செருகினால் பேசாது. கம்பெனி கருவிக்குத்தான் பதில் சொல்லும். ஆகவே 2015-இல் தருமபுரியிலோ திண்டுக்கல்லிலோ பதிவான பிக்கப் உங்களிடம் இருந்தால், அது எந்த பி.எஸ். என்று ஆர்.சி.யிலோ எம்-பரிவாகன் செயலியிலோ பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

ஆர்.சி.யைக் கையில் எடுத்ததும் மொத்த எடையையும் பாருங்கள். 3,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிகள் பெரும்பாலும் கார்கள் பேசும் அதே முறையில்தான் பேசும், அவற்றில் 12 வோல்ட் பேட்டரிதான் இருக்கும். அதைத் தாண்டிய லாரிகளில் பெரும்பாலும் முறை வேறு, பெரியவற்றில் பேட்டரியும் 24 வோல்ட். கார் ஸ்கேனரை 24 வோல்ட் வண்டியில் செருகினால் கருகிப்போக வாய்ப்பு உண்டு. உங்கள் ஸ்கேனரை லாரி வைத்திருக்கும் நண்பர் இரவல் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இனி கோடு விஷயம். ஓ.பி.டி. கோடு ஐந்து இடம் கொண்டது. முதல் எழுத்து பி என்றிருந்தால் அது இன்ஜின் அல்லது கியர் சம்பந்தப்பட்டது. பாடி, சேஸிஸ், கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தொடர்பு ஆகியவற்றுக்கு வேறு எழுத்துகள் உண்டு. அடுத்த எண் 0 என்றால் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே பொருள். 1 என்றால் அந்தக் கம்பெனி தனக்காக வைத்துக்கொண்ட கோடு. அதற்கு மலிவுக் கருவி எண்ணைக் காட்டும், பொருளைச் சொல்லாது, அல்லது தவறான பொருளைச் சொல்லும்.

பொருள் தெரிந்த கோடும் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எந்த அளவு எல்லை மீறியது என்று மட்டும் சொல்கிறது. இந்த வித்தியாசம் புரியாமல்தான் ஏராளமான பணம் வீணாகிறது.

பி0087 என்ற கோட்டை எடுத்துக்கொள்வோம். டீசல் பிக்கப்பில் அடிக்கடி வரக்கூடியது. ரெயிலில் வேண்டிய அழுத்தம் இல்லை என்று பொருள். ‘ரெயில் பிரஷர்’ என்று திரையில் வந்ததுமே ரெயில் பிரஷர் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சென்சார் பழுதாகி இந்தக் கோடு வரலாம்தான். ஆனால் டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே கோடு வரும். டேங்கிலிருந்து வரும் ஹோஸில் காற்று இழுத்தாலும் வரும். பம்பில் டீசலை அளந்துவிடும் வால்வு சிக்கினாலும், இன்ஜெக்டர் ரிட்டர்ன் லைனில் அதிகமாக ஒழுகினாலும், பம்பே தேய்ந்துபோயிருந்தாலும் இதே கோடுதான். சில நூறு ரூபாய் ஃபில்டரில் முடியக்கூடியதும், பல ஆயிரம் கேட்கும் பம்ப் வேலையும் ஒரே எண்ணுக்குப் பின்னால் நிற்கின்றன.

இவற்றைப் பிரித்துக் காட்டுவது, இன்ஜின் ஓடும்போதே எண்களைக் காட்டும் லைவ் டேட்டா. சிறிய காமன் ரெயில் இன்ஜின்கள் பலவற்றில், சூடேறிய பிறகு ஐடிலிங்கில் ரெயில் பிரஷர் சுமார் 250 முதல் 350 பார் வரை நிற்கும். பல கருவிகள் இதைக் கிலோபாஸ்கலில் காட்டும். 30,000 என்று வந்தால் பயப்பட வேண்டாம். நூறால் வகுத்தால் 300 பார். ஐடிலிங்கில் இந்த எண் ஆடாமல் நின்று, லோடோடு மேடு ஏறும்போது மட்டும் விழுந்தால், டீசல் போதுமான அளவு பம்புக்கு வந்து சேரவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம். ஃபில்டரும் ஹோஸும்தான் முதல் சோதனை. ஐடிலிங்கிலேயே எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் காற்று இழுப்பதையோ அளவு வால்வையோ பார்க்க வேண்டும். செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாத வண்டியில், செல்ஃப் சுற்றும்போதே எண்ணைக் கவனியுங்கள். பல இன்ஜின்களில் அது 200 பாரை நெருங்காமல் இ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்காது. எண் 50, 60-லேயே நின்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை. நேர்மாறாக, இன்ஜின் பல மணி நேரம் நின்று ஆறிய பிறகு சாவியை மட்டும் போட்டுப் பார்க்கும்போது எண் பூஜ்யத்துக்கு அருகில் இல்லாமல் நூற்றுக்கணக்கில் காட்டினால் அப்போது சென்சாரையோ அதன் ஒயரிங்கையோ சந்தேகிக்கலாம்.

இதோடு ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற ஒன்று இருக்கிறது. கோடு விழுந்த அந்த நொடியில் ஆர்.பி.எம்., வேகம், லோடு, கூலன்ட் சூடு என்ன என்பதை இ.சி.யு. பதிந்து வைக்கும். லோடு வண்டிக்கு இதைப் போல் உதவும் தகவல் வேறில்லை. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சரக்கோடு ஏறும்போது கோடு விழுந்ததா, காலையில் ஸ்டார்ட் செய்தபோதே விழுந்ததா என்பது மெக்கானிக்கின் பாதித் தேடலை மிச்சப்படுத்தும். வாங்கப்போகும் கருவியில் ஃப்ரீஸ் ஃபிரேம் இல்லை என்றால் அதைத் தள்ளிவையுங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்ல வேண்டும். எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் நோசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது பழைய இன்ஜின்களில் வழக்கமாக இருந்தது. காமன் ரெயிலில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம். ஒழுகுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் அதே ஆபத்துதான்.

டர்போ கோடுகளுக்கும் எண் உதவும். பி0299 என்றால் டர்போ போதிய காற்றழுத்தம் தரவில்லை. உடனே டர்போவைக் கழற்ற வேண்டியதில்லை. சாவியை மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மேனிஃபோல்டு பிரஷரைப் பாருங்கள். சமவெளியில் 100 கிலோபாஸ்கலை ஒட்டியும், ஊட்டி உயரத்தில் 77-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். அதிலேயே தவறினால் சென்சார் பொய் சொல்கிறது. அது சரியாக இருந்து, ஏற்றத்தில் இழுக்கும்போதும் எண் நிமிர மறுத்தால், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, கிளாம்ப் கழன்றிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டர்போவுக்கு வாருங்கள்.

எந்த மாதிரிக் கருவி

மிக மலிவானது, சாக்கெட்டில் செருகி ப்ளூடூத் வழியாகப் போனோடு இணைக்கும் சின்ன அடாப்டர். அநேகமாக எல்லாவற்றிலும் இ.எல்.எம். 327 என்று எழுதியிருக்கும். அது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த சிப்பின் பெயர். அந்த நிறுவனம் 2022-இல் தொழிலை மூடிவிட்டது. கடையில் கிடைப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை நகல்கள். 1.5 பதிப்பு என்று பெருமையாக எழுதி விற்கிறார்கள். அந்த எண்ணில் அசல் நிறுவனம் எதையும் வெளியிட்டதே இல்லை. நகலாக இருந்தும் ஒழுங்காக வேலை செய்பவை இருக்கின்றன. சில நகல்கள் பாதிக் கட்டளைகளுக்குப் பதில் தருவதில்லை. கோடு வரும், ஆனால் ரெயில் பிரஷர் கேட்டால் திரை வெறுமையாக இருக்கும். அல்லது மெதுவாக வரும். செல்ஃப் அடிக்கும் சில நொடிகளில் ஏறி இறங்கும் எண்ணை அதனால் பிடிக்க முடியாது. ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினால் இந்த அபாயத்தோடுதான் வாங்குகிறீர்கள்.

ஆண்ட்ராய்டு போனுக்குச் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் போதும், டார்க் ப்ரோ, கார் ஸ்கேனர் போன்ற செயலிகள் நன்றாக வேலை செய்யும். ஐபோன் என்றால் வைஃபை அல்லது குறைந்த மின்சக்தி ப்ளூடூத் உள்ள அடாப்டராகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ப்ளூடூத் அடாப்டர் ஐபோனோடு சேராது. வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவி இல்லாமலே பேட்டரி மின்சாரம் வரும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அடாப்டரைச் செருகியே விட்டால் பேட்டரி இறங்கும்.

அடுத்தது கையடக்க ஸ்கேனர். சொந்தத் திரையும் நீண்ட ஒயரும் இருக்கும். போன் வேண்டாம், செயலி வேண்டாம், சாக்கெட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சுமார் இரண்டாயிரம் முதல் நான்காயிரம் ரூபாய் வரை நல்லவை கிடைக்கின்றன. வண்டியை நீங்களும் டிரைவரும் மாறி மாறி ஓட்டுகிறீர்கள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். டேஷ்போர்டு பெட்டியில் போட்டுவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துச் செருகிக் கோட்டைப் படித்துப் போனில் சொல்லலாம்.

இந்த இரண்டு வகையிலும் ஒரு கருவிக்கு டீசல் தெரியுமா என்பதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் ‘ரெடினஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். இ.சி.யு. தன்னைத்தானே எந்தெந்தப் பகுதியில் சோதித்து முடித்திருக்கிறது என்பதன் பட்டியல் அது. டீசல் வண்டியில் செருகும்போது அங்கே பூஸ்ட் பிரஷர், பி.எம். ஃபில்டர், நாக்ஸ் போன்ற பெயர்கள் வர வேண்டும். ஈவாப் என்ற பெட்ரோல் ஆவிச் சோதனையின் பெயர் வந்து நின்றால், அந்தக் கருவி உங்கள் இன்ஜினைப் பெட்ரோல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று வைத்துவிடலாம்.

மூன்றாவது வகை, வண்டிக்கு உத்தரவும் போடக்கூடிய பெரிய ஸ்கேனர்கள். பல ஆயிரங்களில் தொடங்கும். புதிய இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை இ.சி.யு.வில் எழுத வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். சில சமயம் புகையை வடிகட்டும் டி.பி.எஃப். ஃபில்டரில் சேர்ந்த கரியைக் கட்டாயமாக எரிக்க வேண்டும். இதற்கெல்லாம் இந்த வகைதான் தேவை. ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு இது அதிகம் என்றே நினைக்கிறேன். இன்ஜெக்டர் மாற்றுவது அடிக்கடி செய்யும் வேலை இல்லை. கரி எரிப்பதையும் வண்டி தானே செய்துகொள்ளும். புகைக்குழாய்க்குள் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி எரிக்கும். தண்ணீர் கேன், பால் என்று ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிகளில்தான் அது பாதியில் அறுந்து கரி சேர்கிறது. பி2463 கோடு காட்டுவது அதைத்தான். டி.பி.எஃப். விளக்கு எரிந்த உடனே, உரிமையாளர் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விளக்கை வாரக்கணக்கில் பொருட்படுத்தாமல் விடும்போதுதான் ஸ்கேனர் தேவைப்படுகிறது. எரிப்பு அடிக்கடி பாதியில் நின்றால் இன்ஜின் ஆயிலில் டீசல் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

நான்கைந்து வண்டி வைத்திருப்பவர்களும், ஒரே ஸ்டாண்டில் நிற்பவர்கள் சேர்ந்தும் பெரிய ஸ்கேனர் ஒன்றை வாங்கலாம். அப்போது மூன்றைக் கேளுங்கள். மஹிந்திரா, டாடா, அசோக் லேலண்ட் என்ற நம் கம்பெனிகள் அதன் பட்டியலில் இருக்கின்றனவா? அமெரிக்க, ஐரோப்பியப் பெயர்கள் நூறு இருந்து நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இலவச அப்டேட் எத்தனை ஆண்டு, அதற்குப் பிறகு ஆண்டுக்கு எவ்வளவு? எத்தனை வண்டிகளில் பயன்படுத்தலாம், ஒரே வண்டியோடு பூட்டிவிடுமா?

ஸ்கேனர் விற்கும் அதே பக்கத்தில் இன்னொரு பொருளும் கண்ணில் படும். சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும், இழுவை கூடும் என்று விற்கிற பெட்டி. இப்படிப்பட்டவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது விளக்கை மினுக்கும் சர்க்யூட்டை மட்டும்தான். அதற்குப் பத்து ரூபாய் கொடுத்தாலும் ஏமாற்றம். டி.பி.எஃப்.-ஐ வெட்டி எடுத்துவிட்டு, கோடு வராமல் சாஃப்ட்வேரில் அழித்துத் தருகிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள். கம்பெனி அமைத்ததை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் நீங்களும் உங்கள் தெருப் பிள்ளைகளும்தான்.

கருவி கைக்கு வந்த பிறகு பழக வேண்டியது ஒன்றுதான். கோட்டை அழிக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போகும், ரெடினஸ் பட்டியலும் பூஜ்யத்துக்குத் திரும்பும். பிறகு எவ்வளவு நல்ல மெக்கானிக்கிடம் போனாலும் அவர் இருட்டில்தான் தேட வேண்டும். திரையை முதலில் போனில் போட்டோ எடுங்கள். பேட்டரி வோல்டேஜையும் அதிலேயே பாருங்கள். இன்ஜின் நிற்கும்போது 12.4-க்குக் கீழேயும், ஓடும்போது 13.5-க்குக் கீழேயும் இருந்தால் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் ஒயரைச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றக் கோடுகளை நம்ப வேண்டும். குறைந்த வோல்டேஜில் சம்பந்தமில்லாத சென்சார்களின் பெயரெல்லாம் கோடாக வந்து விழும். பழுது பார்த்து முடிந்த பிறகு அழியுங்கள். லோடோடு ஒரு நடை ஓட்டிவிட்டு, ‘பெண்டிங்’ என்ற பக்கத்தில் அதே கோடு மறுபடி எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

ஒற்றைப் பிக்கப் வைத்திருப்பவருக்கு லைவ் டேட்டாவும் ஃப்ரீஸ் ஃபிரேமும் உள்ள மூவாயிரம் ரூபாய்க் கருவி தாராளம். கடையில் வாங்கினால் வண்டியைக் கடை வாசலுக்கே கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ரெயில் பிரஷர் பக்கத்தைத் திறந்து ஆக்சிலரேட்டரை மெல்ல மிதியுங்கள். எண் உடனே ஏறினால் அந்தக் கருவி உங்களுக்கு உதவும். ஏறவில்லை, அல்லது எண்ணே வரவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.